பேக்கரி கல்லாவில் ஒரு டச் மானிட்டர்

பொள்ளாச்சியில் அக்காவும் மாமாவும் நடத்தும் பேக்கரியில் மூன்று வருடத்தில் நான்கு கீபோர்டு மாற்றியாயிற்று. பப்ஸ் உதிரலும் வர்க்கித் தூளும் பட்டன்களுக்கு அடியில் போய்ச் சேரும். அதன்மேல் ஒரு சொட்டு டீ விழுந்தால் போதும், அழுத்திய எட்டு மேலே எழும்பாது, பில்லில் எட்டாக ஓடிக்கொண்டே இருக்கும். மவுஸை நகர்த்தவோ கல்லா மேசையில் இடமே கிடையாது. சில்லறை டப்பா, பில் பிரிண்டர், மிட்டாய் பாட்டில், எடை மெஷின் எல்லாம் போக ஒரு முழம் பலகைதான் மிச்சம். "போன் மாதிரி தொட்டா பில்லு வர்றாப்ல ஒண்ணு வெச்சுக் குடு தம்பி" என்று அக்கா கேட்டார். மூன்று வாரம் ஞாயிறு தோறும் போய் வேலை பார்த்து, இப்போது அது ஓடுகிறது. வழியில் கற்றுக்கொண்டதை எழுதி வைக்கிறேன். சாதாரண டெஸ்க்டாப்பில் டச் மானிட்டர் மாட்ட நினைப்பவர்களுக்கு இதில் பாதியாவது உதவும்.

முதலில், கடையில் இருந்ததைச் சொல்லிவிடுகிறேன். நான்காம் தலைமுறை ஐ3 பிராசசர் போட்ட பழைய கம்ப்யூட்டர், 8 ஜிபி ராம், விண்டோஸ் 10. மானிட்டர் செருகப் பின்பக்கம் ஒரு ஹெச்டிஎம்ஐ வாய், ஒரு விஜிஏ வாய். விஜிஏவில் ஒரு 17 இன்ச் சதுர மானிட்டர் ஏற்கெனவே வாடிக்கையாளர் பக்கம் திரும்பி நின்று மொத்தத் தொகையைக் காட்டிக்கொண்டிருந்தது. அது அப்படியே இருக்கட்டும், அக்கா பக்கம் மட்டும் டச் வரட்டும் என்று முடிவு செய்தோம்.

டச் என்று பொதுவாகச் சொன்னாலும் கடைகளில் பழைய மானிட்டர் தேடும்போது மூன்று வகை கைக்கு வரும். ரெசிஸ்டிவ் வகையில் மேலே ஒரு மெல்லிய படலம் இருக்கும். அழுத்தினால் அது அமுங்கிக் கீழடுக்கைத் தொட வேண்டும். ஈரக்கை, கையுறை, பேனா மூடி எதுவானாலும் வேலை செய்யும். ஆனால் படம் கொஞ்சம் மங்கல், நாளாக நாளாகப் படலத்தில் கீறல் விழும். இன்ஃப்ராரெட் வகையில் சட்டத்தைச் சுற்றிக் கண்ணுக்குத் தெரியாத ஒளிக்கற்றைகள் குறுக்கும் நெடுக்குமாக ஓடும், விரல் அவற்றை மறைக்கும் இடம்தான் தொட்ட இடம். 1983-இல் வந்த ஹெச்பி 150 கம்ப்யூட்டர் இப்படித்தான் வேலை செய்தது. அதில் ஒளி வரும் ஓட்டைகளில் தூசி அடைத்துக்கொள்வது பெரிய தலைவலி என்று படித்திருக்கிறேன். மைதா பறக்கிற, ஈ உட்காருகிற பேக்கரிக்கு அது ஆகாது. மூன்றாவது கெப்பாசிட்டிவ், நம் போனில் இருப்பது. கண்ணாடிக்கு அடியில் உள்ள மெல்லிய மின்கம்பி வலையில் விரல் நெருங்கும்போது ஏற்படும் மிகச் சிறிய மின்தேக்க மாற்றத்தை அளக்கும். மேலே முழுக் கண்ணாடி என்பதால் துணி போட்டுத் துடைக்கலாம். அதையே தேர்ந்தெடுத்தேன்.

கோவையில் பழைய கம்ப்யூட்டர் சாமான் விற்கும் ஒரு கடையில் 15.6 இன்ச், முழு ஹெச்டி, பத்து விரல் தொடுதல் உள்ள மானிட்டர் 7,000 ரூபாய்க்குக் கிடைத்தது. அடாப்டர் உண்டு, ஸ்டாண்டு இல்லை. பின்புறம் 75-க்கு 75 மில்லிமீட்டர் சதுரத்தில் நான்கு திருகு ஓட்டைகள் இருந்தன. வெசா அளவு என்பார்கள். அது இருந்தால் ஸ்டாண்டு எப்படியும் பண்ணிக்கொள்ளலாம் என்று எடுத்து வந்தேன்.

மாட்டினேன். படம் பளிச்சென்று வந்தது. தொட்டால் ஒன்றும் நடக்கவில்லை. மாமாவுக்கு முகம் வாடிவிட்டது. இதில்தான் பலரும் மானிட்டர் கெட்டது என்று நினைத்துத் திருப்பிக் கொடுக்கிறார்கள். ஹெச்டிஎம்ஐ கேபிள் படத்தையும் ஒலியையும் மட்டும்தான் கொண்டு வரும். தொட்ட செய்தி கம்ப்யூட்டருக்குத் திரும்பிப் போக யூஎஸ்பி என்ற தனி வழி வேண்டும். மானிட்டரின் அடிப்பக்கம் தடவிப் பார்த்தால் பிரிண்டரில் இருக்குமே, அந்தச் சதுரமான யூஎஸ்பி வாய் இருக்கும். கடைக்காரர் அந்தக் கேபிளைக் கொடுக்கவே இல்லை. அக்கா வீட்டுப் பரணில் கிடந்த பழைய பிரிண்டரின் கேபிளை எடுத்து வந்து செருகினேன், அதே கேபிள்தான். டிரைவர், அதாவது கருவியை இயக்கும் மென்பொருள், எதுவும் தனியாகப் போடவில்லை. விண்டோஸ் 7-இல் இருந்தே பல விரல் தொடுதல் விண்டோஸுக்குள்ளேயே இருக்கிறது. செட்டிங்ஸில் சிஸ்டம், அபௌட் என்று போனால் பென் அண்ட் டச் என்ற வரியில் பத்து டச் பாயின்ட் என்று காட்டும். அந்த வரி வந்துவிட்டால் மானிட்டரின் டச் பகுதியைக் கம்ப்யூட்டர் பார்த்துவிட்டது என்று அர்த்தம். பழைய மானிட்டர் வாங்கப் போகிறவர்கள் கடையிலேயே இதைப் பார்த்துவிட்டுப் பணம் கொடுப்பது நல்லது.

இப்போது வேறொரு கூத்து. அக்கா தன் முன்னால் இருந்த திரையைத் தொட, ஸ்டார்ட் மெனு வாடிக்கையாளர் பக்கத்து மானிட்டரில் திறந்தது. டீ குடித்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர் "இங்க என்னமோ வருதுங்க" என்றார். காரணம் எளிது. எந்த டச் எந்தத் திரைக்குச் சொந்தம் என்பது விண்டோஸுக்குத் தானாகத் தெரியாது, மெயின் டிஸ்ப்ளே என்று குறித்திருப்பதற்கே கொடுத்துவிடும். அங்கே மெயினாக இருந்தது பழைய விஜிஏ மானிட்டர். கண்ட்ரோல் பேனலில் டேப்லெட் பிசி செட்டிங்ஸ் என்று ஒன்று, டச் கருவி செருகியிருந்தால் மட்டும் தெரியும். அதில் செட்டப் பட்டனை அழுத்தி, டச் இன்புட்டைத் தேர்ந்தெடுத்தால் ஒரு திரை முழு வெள்ளையாகி, இதுதான் டச் திரை என்றால் தொடு, இல்லையென்றால் என்டர் தட்டு என்று ஒரு வரி வரும். முதலில் பழைய மானிட்டர் வெளுத்தது. என்டர் தட்டினேன். அடுத்து அக்கா பக்கத்துத் திரை வெளுத்தது, தொட்டேன். அவ்வளவுதான். பக்கத்திலேயே, தொட்ட இடத்தையும் திரையையும் பொருத்திச் சரிசெய்யும் கேலிபரேட் என்றும் ஒரு பட்டன் உண்டு. தொட்ட இடம் சரியாக இருந்தால் அதைத் தொட வேண்டாம். கெப்பாசிட்டிவ் திரைகள் தொழிற்சாலையிலேயே சரிசெய்து வருபவை, கையால் கேலிபரேட் செய்து கெடுத்துக்கொண்டால் ரீசெட் செய்துதான் மீள வேண்டும்.

அடுத்த ஞாயிறு போனபோது அக்கா வலது தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார். "தோள்பட்டையே கழண்டு வர்றாப்ல இருக்குது தம்பி" என்றார். தவறு என்னுடையது. சாதாரண மானிட்டரை எப்படி வைப்போமோ அப்படியே, கண் உயரத்தில், நெட்டுக்குத்தாக, சுவரில் மாட்டும் கையில் வைத்திருந்தேன். ஒரு நாளைக்கு நானூறு பில், பில்லுக்கு ஐந்தாறு தடவை கையைத் தூக்கி நீட்ட வேண்டும் என்பதை யோசிக்கவில்லை. நிமிர்ந்து நிற்கும் திரையைத் தொடர்ந்து தொட்டால் கை கனத்து வலிக்கும் என்பது பழைய அனுபவம். கொரில்லா ஆர்ம் என்று இதற்கு ஒரு பெயரே உண்டு. லேப்டாப்பில் டச் ஏன் வைக்கவில்லை என்பதற்கு ஸ்டீவ் ஜாப்ஸ் 2010-இல் மேடையில் சொன்ன காரணமும் இதுதான்.

எனக்கு அப்போது நினைவுக்கு வந்தது தாத்தா காலத்துக் கணக்குப்பிள்ளை மேசை. மண்டிகளில் தரையில் உட்கார்ந்து எழுத வைத்திருப்பார்களே, மேல்பலகை சாய்ந்த பெட்டி. நாள் முழுக்கக் கை வேலை செய்கிறவர்கள் பலகையைத் தாழ்த்திச் சாய்த்துத்தான் வைத்தார்கள். ஆசாரியிடம் படம் வரைந்து கொடுத்து அதே மாதிரி ஒரு சாய்வுப் பெட்டி செய்யச் சொன்னேன். வெசா ஓட்டைகளுக்கு எம்4 திருகு, பலகைத் தடிமன் போக உள்ளே எட்டு மில்லிமீட்டர் மட்டும் போகும் நீளம். அதற்கு மேல் நீண்டால் உள்ளே பேனலைக் குத்திவிடும். மேசையிலிருந்து முதலில் 30 டிகிரி சாய்வு வைத்தோம். டியூப் லைட் நேராகக் கண்ணாடியில் விழுந்து பாதித் திரை தெரியவில்லை. பின்னால் ஒரு ரீப்பர் துண்டு கொடுத்து 35 ஆக்கியதும் வெளிச்சம் விலகிவிட்டது. முன்விளிம்பில் மூன்று விரல் அகலத்துக்குப் பலகையை நீட்டிவிட்டிருந்தார் ஆசாரி, நான் சொல்லாமலே. அக்காவின் மணிக்கட்டு இப்போது அதன்மேல்தான் இருக்கிறது, விரல் மட்டும் நகர்கிறது. ஸ்டாண்டுக்குக் கொடுத்த 900 ரூபாய்தான் இந்த மொத்த வேலையில் உருப்படியான செலவு என்று நினைக்கிறேன்.

இதெல்லாம் சரியான பிறகுதான் பேய் வந்தது. யாரும் தொடாமலே திரையில் தொடுதல் விழுந்தது. இரண்டு டீ சொன்னவருக்கு இரண்டு டீ, ஒரு பிளம் கேக் என்று பில். அக்கா பயந்துபோய்ப் பழைய கீபோர்டை எடுத்து வைத்துக்கொண்டார். நான் விண்டோஸில் படம் வரையும் பெயின்ட் புரோகிராமைத் திறந்து, வெள்ளைப் பக்கத்தை விரித்துவிட்டுக் கை கட்டிக்கொண்டு பார்த்தேன். அரை நிமிடம் ஒன்றுமில்லை. அப்புறம் வலது மூலையில் ஒரு கறுப்புப் புள்ளி. பக்கத்தில் இன்னொன்று. பிறகு ஒரே நேர்க்கோட்டில் ஏழெட்டுப் புள்ளிகள், மேலிருந்து கீழாக, யாரோ மை தெளித்த மாதிரி. யூஎஸ்பியைப் பிடுங்கினால் நின்றது, செருகினால் தொடர்ந்தது. கண்ணாடியைத் துடைத்தேன், பயனில்லை. கேபிளை மாற்றினேன், அப்படியேதான்.

விஷயத்தைக் காட்டிக் கொடுத்தது ஒரு தற்செயல். பின்னால் கேபிள் பார்க்கக் குனிந்தபோது இடக்கையைக் கேபினட்டின் இரும்புத் தகட்டில் ஊன்றினேன். புள்ளிகள் விழுவது நின்றது. கையை எடுத்தேன், ஆரம்பித்தது. கூடவே, புறங்கையால் தகட்டை மெல்லத் தடவினால் லேசாகச் சுருசுருவென்று இருந்தது. அது எர்த் இல்லை என்பதன் அறிகுறி. கம்ப்யூட்டருக்கு மின்சாரம் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ் பெட்டி, மானிட்டர் அடாப்டர் இரண்டிலும் உள்ள சிறு கெப்பாசிட்டர்கள் வழியாக மிகக் குறைந்த மின்சாரம் கருவியின் உடலுக்கு, அதாவது தகட்டுக்குக் கசியும். எர்த் கம்பி இருந்தால் அது மண்ணுக்குப் போய்விடும். இல்லையென்றால் மொத்தக் கருவியும் அந்த மின் இரைச்சலோடு மிதக்கும். மிகச் சிறிய மின்தேக்க மாற்றத்தை அளக்கிற டச் சில்லுக்கு அந்த இரைச்சலும் விரலும் ஒன்றாகவே தெரியும். போனை மட்டமான சார்ஜரில் போட்டுக்கொண்டு தட்டினால் எழுத்து தாறுமாறாக விழுமே, அதே கதை.

எலக்ட்ரீஷியன் அண்ணனைக் கூப்பிட்டோம். மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தார். லைனுக்கும் நியூட்ரலுக்கும் 232 வோல்ட். லைனுக்கும் எர்த்துக்கும் வைத்தால் 90, 110, 70 என்று எண் குதித்துக்கொண்டே இருந்தது. "எர்த்தே இல்லீங்க, சும்மா மூணு ஓட்டை இருக்குது" என்றார். பலகையைக் கழற்றினால் பச்சைக் கம்பி சாக்கெட்டுக்குப் பின்னால் வெட்டி மடக்கி விட்டிருந்தது. போர்டு வரை எர்த் வந்திருக்கிறது, சாக்கெட்டில் மாட்டவில்லை. இத்தனை வருடம் அதே போர்டில் ஃப்ரீசரும் ஓடியிருக்கிறது என்பதை நினைத்தால் இன்னும் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. டச் மானிட்டர் வந்ததால்தான் அது தெரிந்தது. கம்பியை மாட்டிய பின் லைனுக்கும் எர்த்துக்கும் 231, நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இரண்டு வோல்ட். இரண்டு பின் எக்ஸ்டென்ஷன் பெட்டியைத் தூக்கி எறிந்துவிட்டு மூன்று பின் பெட்டி வாங்கி மாட்டினேன். பெயின்ட்டை ஒரு மணி நேரம் திறந்து வைத்தேன். ஒரு புள்ளி விழவில்லை. இந்தச் சோதனையை எல்லாம் நீங்களே போர்டைத் திறந்து செய்ய வேண்டாம், தெரிந்தவரை வைத்துச் செய்யுங்கள். சுருசுருவென்று இருந்தால் உடனே செய்யுங்கள், டச் இருந்தாலும் இல்லாவிட்டாலும்.

பில் போடும் திரை நானே எழுதிய ஒரு சின்ன வெப் பக்கம், குரோமியம் பிரவுசரில், வேறெதுவும் திறக்க விடாத கியோஸ்க் மோடில் முழுத்திரையாக ஓடுகிறது. இதில் நான் அதிகம் கற்றது அக்காவிடம். நான் சரக்குகளை அகர வரிசையில் அடுக்கியிருந்தேன். அக்கா ஒரு நாள் பார்த்துவிட்டு, "கண்ணாடி அலமாரில எது எங்க இருக்குதோ அதே மாதிரி வெச்சிரு, எனக்குத் தேட வேண்டியதில்லை" என்றார். மேல் தட்டில் கேக், நடுவில் பப்ஸும் பன்னும், கீழே பிஸ்கட்டும் வர்க்கியும். திரையும் அதே மூன்று தட்டு ஆயிற்று. எண்களைப் போனில் இருப்பது போல 1, 2, 3 மேலே வருமாறு வைத்திருந்தேன். அக்காவின் கை இருபது வருடமாகக் கால்குலேட்டரில் பழகியது, அதில் 7, 8, 9தான் மேலே. 700 கிராம் போட வேண்டிய இடத்தில் 100 விழுந்தது. அன்றே மாற்றினேன்.

பட்டன் அளவை மில்லிமீட்டரில் யோசிக்க வேண்டும், பிக்சலில் அல்ல. 15.6 இன்ச் முழு ஹெச்டியில் ஒரு மில்லிமீட்டருக்குக் கிட்டத்தட்ட ஐந்தரை பிக்சல் வரும். விரலுக்கு ஒன்பது மில்லிமீட்டர் போதும் என்பது போன்களுக்கான கணக்கு. நின்றுகொண்டு, பேசிக்கொண்டு, சில்லறை எண்ணிக்கொண்டு அழுத்துகிறவருக்கு அது போதாது. 22 மில்லிமீட்டர், அதாவது 120 பிக்சல் வைத்தேன்.

இன்னொரு நுணுக்கம். பிரவுசரில் கிளிக் என்பது விரலை எடுக்கும்போதுதான் பதிவாகும். அக்கா வேகமாகத் தட்டும்போது விரல் இழுபட்டால் பிரவுசர் அதை ஸ்க்ரோல் என்று எடுத்துக்கொண்டு கிளிக்கை விட்டுவிடும். அழுத்தினேனே, ஏறவில்லையே என்ற புகார் இதனால்தான். சரக்குப் பட்டன்களை விரல் பட்ட கணத்திலேயே பதிவாகும்படி மாற்றி, அந்தப் பக்கத்தில் ஸ்க்ரோலையே நிறுத்திவிட்டேன். பில் அடிக்கும் பட்டனை மட்டும் எடுக்கும்போது பதிவாகும்படி விட்டேன், தவறிப் பட்டாலும் விரலை இழுத்துத் தப்பிக்கலாம். இரண்டு விரல் பட்டால் திரை பெரிதாவது, நீண்ட நேரம் அழுத்தினால் ரைட் கிளிக் மெனு வருவது, இரண்டையும் அணைத்தாயிற்று.

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தது. இந்தக் கம்ப்யூட்டர் 11-க்குத் தகுதி பெறாது. பணம் புழங்கும் மெஷினை அப்படியே விட மனமில்லாமல் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டேன். டச் உடனே வேலை செய்தது, அதற்கான டிரைவர் லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலிலேயே இருக்கிறது. ஆனால் பழைய சிக்கல் வேறு வேடத்தில் வந்தது. டீயைத் தொட்டால் வர்க்கி ஏறியது. ஒரு தாளில் கணக்குப் போட்டதும் புரிந்தது. அக்கா திரை 1920 பிக்சல் அகலம், பக்கத்துச் சதுரத் திரை 1280, மொத்தம் 3200. மின்ட் டச் கண்ணாடியின் முழு அகலத்தையும் அந்த 3200-க்கு இழுத்து நிரப்பிவிட்டது. நடுவில், 960-இல் தொட்டால் 1600-இல் போய் விழும். 1152-ஐத் தாண்டித் தொட்டால் வாடிக்கையாளர் திரைக்கே போய்விடும். எக்ஸ்இன்புட் என்ற கமாண்டில் டச் கருவியை ஹெச்டிஎம்ஐ திரையோடு இணைக்கச் சொன்னால் அகலத்தை 0.6 ஆல் பெருக்கிக்கொள்கிறது, 1920 வகுத்தல் 3200. கருவியை எண்ணால் குறிப்பிடாமல் பெயரால் குறிப்பிடுங்கள், எண் ரீஸ்டார்ட் செய்யும்போது மாறக்கூடும். அந்த வரியை ஸ்டார்ட்அப் அப்ளிகேஷன்ஸில் போட்டு, ஐந்து விநாடி தாமதம் கொடுத்தேன். தாமதம் இல்லாதபோது இரண்டாவது திரை விழிப்பதற்கு முன்பே கமாண்ட் ஓடிக் கணக்குத் தப்பியது.

இன்னும் சரியாகாதவை இரண்டு. கரண்ட் போய் இன்வெர்ட்டரில் ஓடும்போது எப்போதாவது ஒரு பொய்த் தொடுதல் விழுகிறது. இன்வெர்ட்டர் பழைய ஸ்கொயர் வேவ் வகை, மின்சாரத்தைச் சீரான அலையாகத் தராமல் வெட்டு வெட்டாகத் தரும். அடுத்த முறை மாற்றும்போது சைன் வேவ் எடுக்கச் சொல்லி மாமாவிடம் சொல்லியிருக்கிறேன். இன்னொன்று தண்ணீர். எண்ணெய்க் கையைப் பற்றி இந்தக் கண்ணாடி கவலைப்படுவதில்லை, மைதாக் கையும் பரவாயில்லை, நகத்தால் தட்டினால் மட்டும் தெரியாது. ஆனால் தண்ணீர்த் துளி கண்ணாடியில் நின்றால் அதையும் விரல் என்று எடுத்துக்கொள்கிறது. டீ டம்ளரை நீட்டி வாங்கும்போது சொட்டுகிறது. மாமா இப்போது மானிட்டருக்கு இடப்பக்கம் ஒரு ஆணி அடித்து, கதர்த் துண்டு ஒன்றைத் தொங்கவிட்டிருக்கிறார்.

போன வாரம் அக்கா போன் செய்து, நான்கு மணிக்கு மேல் வருகிற கூட்டத்துக்குத் தேங்காய் பன்தான் அதிகம் போகிறது, அதை வலது கீழ் மூலைக்குக் கொண்டு வர முடியுமா என்று கேட்டார். அலமாரியிலும் அதை அங்கே மாற்றி வைத்துவிட்டாராம். ஞாயிற்றுக்கிழமை போகிறேன்.